தொலைந்தது அவர்கள் லேப்டாப், உள்ளே இருந்தது என் கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

காரைக்குடியில் வரிக்கணக்கு பார்க்கும் ஓர் அலுவலகத்தில் போன மாதம் லேப்டாப் ஒன்று திருட்டுப் போனது. பழைய வீட்டின் முகப்பைத் தடுத்து அலுவலகமாக்கியிருக்கிறார்கள். மத்தியானம், எல்லோரும் இரண்டாங்கட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம். வாசல் கதவு பர்மாத் தேக்கு, சாவி ஒரு சாண் நீளம். என்ன பிரயோசனம், கதவு திறந்தே கிடந்தது. வந்தவன் மேசையில் இருந்ததை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இதில் எனக்கென்ன என்று கேட்கலாம். நானும் தம்பி மகனும் சேர்ந்து ஆத்தங்குடிக்கல் வியாபாரம் செய்கிறோம், எல்.எல்.பி.யாக, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனமாகப் பதிந்திருக்கிறோம். எங்கள் கணக்கு அந்த லேப்டாப்பில் இருந்தது. ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருந்தது. அதைவிட, அக்டோபர் 30க்குள் போட வேண்டிய படிவம் 8க்காக (எல்.எல்.பி.யின் வருஷக் கணக்கு அறிக்கை) என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அதன் பக்கவாட்டில் செருகியபடியே இருந்திருக்கிறது. பென் டிரைவ் மாதிரி இருக்குமே, அதுதான். அதன் முதுகில் பின் நம்பரை எழுதி செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். மற்ற வாடிக்கையாளர்களின் டோக்கன்கள், இதே மாதிரி நம்பர் ஒட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில். டப்பா தப்பித்தது, என்னுடையது போயிற்று.

விஷயம் என் காதுக்கு வந்தது ஒன்பதாம் நாள், டீக்கடையில். அலுவலகத்தார் ஒரு போன் போடவில்லை. நேரில் போய்க் கேட்டால், “பாஸ்வேர்டு போட்டுத்தாண்ணே வச்சிருந்தோம், பயப்படாதீங்க” என்கிறார்கள். விண்டோஸில் நுழையப் போடும் பாஸ்வேர்டு திண்ணைக் கதவுக்குப் போட்ட கொக்கி. நாலு திருகாணியைக் கழற்றி ஹார்டு டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். டிஸ்கையே பூட்டிவைக்க விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் என்று ஒன்று இருக்கிறது, தனிக் காசும் இல்லை. அதைப் போட்டு, திரையையும் பூட்டியிருந்தால் லேப்டாப்பாகத் திருடனுக்குக் கிடைத்திருப்பது வெறும் தகரம். போட்டிருக்கவில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கப் போனபோது சீரியல் நம்பர் கேட்டிருக்கிறார்கள். அதுவும் அந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலில் இருந்ததாம்!

செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்கலாம். லேப்டாப்புக்கு அப்படி வசதி இல்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42, டிஜிட்டல் கையெழுத்தின் சாவி (டோக்கனுக்குள் இருப்பது அதுதான்) கைமாறிவிட்டால் அதைக் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டியவர் கையெழுத்துக்காரர்தான் என்கிறது. ஆக, சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை. ஒன்பது நாளும் என் பெயரில் யார் எதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது நான் போட்டதாகவே நிற்கும். என் மேலும் தப்பு இருக்கிறது. அந்தப் பின் நம்பரைப் போனில் சொன்னவனே நான்தான்.

அப்பச்சி பினாங்கு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் சேர்ந்து கடை வைத்திருந்த கட்டடத்தில், அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தவர்கள். ஒரே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு மார்க்கா (தனித்தனி நிறுவனம்), ஆளுக்கொரு கைப்பெட்டி, ஓர் அலமாரி, அவ்வளவுதான் கடை. பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர் பங்காளியாக இருப்பார், தொழிலில் போட்டியாளாகவும் இருப்பார். அதனால் வெற்றிலை துப்ப எழுந்தாலும் பேரேட்டை மூடி, பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் எழுந்திருப்பார்களாம். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பெட்டி பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் ஆத்தா இலை போடுவார்கள். இன்றைக்கு அதே வேலைக்கு விண்டோஸ் பொத்தானையும் ‘எல்’லையும் சேர்த்து அழுத்தினால் போதும், திரை பூட்டிக்கொள்ளும். அதற்கே பையன்களுக்குக் கை வணங்கவில்லை. பல லேப்டாப்புகளின் விளிம்பில் பூட்டுக் கம்பி மாட்ட ஒரு சின்னத் துளை இருக்கும். அது எதற்கு என்று கேட்டேன், காற்றுப் போவதற்காம்.

வாடிக்கையாளர் காகிதங்களை வைத்திருக்கும் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே கோரிக்கை: பொருள் தொலைந்தால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்லுங்கள். தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், கெட்ட பெயர் வந்துவிடும் என்று மறைத்தீர்களே, டீக்கடையில் கேட்டால் மட்டும் நல்ல பெயரா வரும்?

பழைய கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிவிட்டேன். புது டோக்கன் வந்தால் அலுவலகத்தில் விடப்போவதில்லை. எல்.எல்.பி.க்கு மே 30, அக்டோபர் 30 என்று வருஷத்துக்கு இரண்டு கெடு. அதற்கு முன்னால் நானே பஸ் ஏறிப் போய், செருகி, பின்னை என் கையால் அடித்து, முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர்.