பில்லில் ‘சிங்க்’, நடப்பது காப்பி: மெயில், ஃபைல் ஒத்திசைவுச் சேவை குறித்துப் புகார்

அனுப்புநர்:
நிர்வாகி,
வரி ஆலோசனை அலுவலகம், ஈரோடு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கணினிப் பராமரிப்பு நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டுக்கும் இடையே மெயிலும் ஃபைல்களும் ஒத்துப்போகும்படி செய்யாமல், புகாரை ‘யூசர் மிஸ்டேக்’ என்று மூடியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் உள்ள ஒரு டெஸ்க்டாப்பையும் ஒரு லேப்டாப்பையும் ‘டூ-வே சிங்க்’ (எந்தப் பக்கம் மாற்றினாலும் மறுபக்கமும் மாறும் இருவழி ஒத்திசைவு) செய்து தருவதாக ஆண்டு ஒப்பந்தம் போட்டு, நிறுவும் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள். மெயில் காணாமல் போகிறது, எக்செல் ஷீட் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று புகார் கொடுத்தோம். பயனர்கள் கவனக்குறைவாக அழித்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடிவிட்டீர்கள். யாரும் எதையும் அழிக்கவில்லை. தங்கள் பொறியாளர் வைத்துவிட்டுப் போன செட்டிங்கே அழிக்கிறது. எங்கே, எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் மெயில். இரண்டு கணினிகளிலும் அவுட்லுக் மெயில் மென்பொருளில் கணக்கு ‘பாப்-3’ வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. டெஸ்க்டாப்பில் ‘சர்வரில் ஒரு நகலை விட்டுவை’ என்பதில் டிக் இருக்கிறது. அதன் கீழே 14 நாள் கழித்து நீக்கு என்பதிலும் டிக் இருக்கிறது. லேப்டாப்பில் இரண்டிலுமே டிக் இல்லை. எனவே லேப்டாப் ஒரு மெயிலை இறக்கிய கையோடு சர்வரிலிருந்து அது போய்விடுகிறது. அந்த நேரத்தில் டெஸ்க்டாப் அணைந்திருந்தால், அந்த மெயில் டெஸ்க்டாப்புக்கு வரவே வராது. வாடிக்கையாளர் அலுவலகத்தில் லேப்டாப்பைத் திறக்கும் நாட்களில்தான் மெயில் ‘தொலைகிறது’ என்று புகாரிலேயே குறிப்பிட்டிருந்தோம். காரணம் அங்கேயே இருந்தது.

லேப்டாப்பிலும் அந்த டிக்கைப் போட்டுவிடுகிறோம் என்று போனில் சொன்னீர்கள். அதனால் பாதிப் பிரச்சினைகூடத் தீராது. பாப்-3 என்பது மெயிலை இறக்கிக்கொள்வதற்கான வழி, அவ்வளவுதான். எது படித்தது, எது படிக்காதது, எதற்குப் பதில் போனது, எது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் சர்வருக்குத் தெரியாது. லேப்டாப்பிலிருந்து அனுப்பிய மெயில் லேப்டாப்பின் ‘சென்ட்’ ஃபோல்டரிலேயே கிடக்கும். ஒரே நோட்டீஸுக்கு இரண்டு பேர் இரண்டு கணினியிலிருந்து பதில் போடுவது இதனால்தான். இந்தத் தேவைக்கென்றே ஐமேப் என்ற இன்னொரு வழி இருக்கிறது. அது 1980களிலேயே வந்துவிட்டது. அதில் மெயிலின் மூலப்பிரதி சர்வரில் இருக்கும், கணினியில் இருப்பது அதன் நகல். எங்கள் மெயில் சர்வரில் ஐமேப் வசதி இருந்தும் ஏன் போடவில்லை என்பதற்கு இதுவரை பதில் இல்லை.

இதைவிட மோசமானது அடுத்து வந்த ‘தீர்வு’. அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் 11 ஜி.பி. அளவுள்ள பி.எஸ்.டி. ஃபைலைத் தூக்கி கிளவுட் ஃபோல்டருக்குள் வைத்து, இரண்டு அவுட்லுக்கையும் அதையே திறக்கும்படி செய்தார் தங்கள் பொறியாளர். அவுட்லுக் ஓடும்வரை பி.எஸ்.டி.யைப் பூட்டி வைத்திருக்கும். புது மெயில் வராவிட்டாலும், திறந்து மூடினாலே அந்த ஃபைல் மாறிவிடும். இரண்டு கணினியிலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் இரண்டு பக்கமும் மாற்றம் உண்டாகும். கிளவுட் மென்பொருள் அவற்றை ஒன்றாக்க முடியாமல், கணினியின் பெயரை ஒட்டி இரண்டாவது பி.எஸ்.டி. ஒன்றை உருவாக்கி வைக்கும். இப்போது அந்த ஃபோல்டரில் அப்படி இரண்டு ஃபைல்கள் நிற்கின்றன. அவுட்லுக் காட்டுவது ஒன்றை மட்டும். மற்றதில் உள்ள மெயில்கள் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. பி.எஸ்.டி. ஒரு நேரத்தில் ஓர் ஆள் திறப்பதற்கானது. இது சாதாரண டெக்னீஷியனுக்கும் தெரிந்த விஷயம்.

ஃபைல்களுக்கு வருகிறோம். டெஸ்க்டாப்பில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், ரோபோகாப்பி (விண்டோஸின் காப்பி செய்யும் கருவி) கட்டளைகள் உள்ள இரண்டு பேட்ச் ஃபைல்கள் இருக்கின்றன. காலை 9 மணிக்கு லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு, மாலை 7 மணிக்கு டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு. இரண்டிலும் ‘எம்.ஐ.ஆர்.’ சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் குறிப்பு). அதற்கு மிரர் என்று பொருள்: மூலத்தில் இல்லாத எதுவும் இலக்கில் இருக்கக் கூடாது. ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் நேரடியாக அழிக்கும்.

விளைவைப் பாருங்கள். லேப்டாப் காலையிலேயே வெளியே போய்விட்டால் 9 மணி வேலை நடக்காது. மாலையில் அது அலுவலக வைஃபையில் சேர்ந்ததும், 7 மணி வேலை டெஸ்க்டாப்பின் பழைய நிலையை அதன் மேல் எழுதும். பகலில் போட்ட கணக்கு அத்தனையும் போச்சு. மறுபுறம், மாலை 7 மணிக்குப் பிறகு டெஸ்க்டாப்பில் உருவாக்கிய ஃபைலை மறுநாள் காலை 9 மணி வேலை அழித்துவிடும், லேப்டாப்பில் அது இல்லை என்பதால். தாக்கல் கெடு நெருங்கும் 18, 19 தேதிகளில் 7 மணிக்குப் பிறகு வேலை செய்யாத வரி அலுவலகம் எங்கே இருக்கிறது?

இதற்கு ஆதாரம் ரோபோகாப்பி எழுதி வைக்கும் தங்கள் லாகிலேயே (பதிவிலேயே) உண்டு. இணைத்திருக்கும் பக்கத்தில் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி (ஜி.எஸ்.டி. வரிப் படிவம்) ஒப்பீட்டு ஷீட்டின் வரியைப் பார்க்கவும்: ஃபைல் பெயருக்கு முன்னால் ‘ஓல்டர்’ என்று இருக்கிறது. மூலத்தில் உள்ளது பழையது என்று ரோபோகாப்பியே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அதையே புதியதன் மேல் எழுதியிருக்கிறது. நான்கைந்து வரி கீழே நட்சத்திரக் குறியோடு ‘எக்ஸ்ட்ரா ஃபைல்’ என்று சில வரிகள். அவைதான் அழிக்கப்பட்டவை. எங்கள் ஊழியர்கள் அழித்ததாக நீங்கள் சொன்ன ஃபைல்களின் பெயர்களை அந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘எக்ஸ்.ஓ.’ சுவிட்ச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லப்பட்டது. பழையது புதியதன் மேல் ஏறுவதை அது தடுக்கும். அழிப்பதைத் தடுக்காது. இரண்டு பக்கமும் ஒரே ஷீட்டைத் திருத்தியிருந்தால், கடைசியாகச் சேமித்தவர் வென்று மற்றவரின் வேலை சத்தமில்லாமல் போகும். போதாததற்கு, எது புதியது என்பதைக் கடிகாரத்தை நம்பித்தான் முடிவு செய்கிறது. எங்கள் டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டதால், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் தேதி பல வருடம் பின்னால் போகிறது. இணையத்திலிருந்து நேரம் சரியாவதற்குள் சேமித்த ஃபைல்களெல்லாம் ‘பழையவை’ ஆகிவிடுகின்றன. பராமரிப்புக்கு வந்தபோது இதையும் யாரும் கவனிக்கவில்லை.

அடிப்படைக் குறை இதுதான். ஒரு ஃபைல் லேப்டாப்பில் இருக்கிறது, டெஸ்க்டாப்பில் இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: லேப்டாப்பில் புதிதாக உருவாக்கியிருக்கலாம், அல்லது டெஸ்க்டாப்பில் வேண்டுமென்றே நீக்கியிருக்கலாம். இன்றைய நிலையை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. கடைசியாக இரண்டும் ஒத்திருந்தபோது என்ன இருந்தது என்ற பதிவு வேண்டும். யூனிசன், ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற மென்பொருள்கள் அந்தப் பதிவைத் தனியாக வைத்துக்கொண்டு ஒப்பிடுகின்றன; இரு பக்கமும் மாறியிருந்தால் தாமாக முடிவெடுக்காமல் கேட்கின்றன. இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை. அந்தப் பதிவு இல்லாத ஏற்பாட்டுக்கு டூ-வே சிங்க் என்று பில் போட்டிருக்கிறீர்கள்.

தமிழ்ப் பெயருள்ள ஃபைல்களில் இன்னொரு சிக்கல். ‘கொள்முதல்’ என்ற பெயரில் அடுத்தடுத்து இரண்டு ஷீட் நிற்பதை, ‘நீங்களே காப்பி எடுத்திருப்பீர்கள்’ என்று ஒதுக்கினீர்கள். ‘கொ’வில் உள்ள குறியை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையில்) ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். இன்ஸ்கிரிப்ட் கீபோர்டில் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தால் இரண்டாவது வகை உண்டாகும். திரையில் வித்தியாசமே தெரியாது. விண்டோஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஆகவே பெயர்களை ஒரே வகைக்கு மாற்றிவிட்டு சிங்க் தொடங்க வேண்டும்.

டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரையும் இதே பேட்ச் ஃபைலில் சேர்த்திருக்கிறீர்கள். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பல ஃபைல்கள் அதில் உள்ளன. டேலியில் ஒரு கம்பெனியின் கணக்கு திறந்திருக்கும்போது அவற்றை ஒவ்வொன்றாகக் காப்பி செய்வது ஆபத்து. உடனே வெளியே எடுக்கவும். டேலியில் எடுக்கும் பேக்கப் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்.

நாங்கள் கேட்பது இவைதான்.

மெயிலை ஐமேப்புக்கு மாற்றித் தர வேண்டும். வரிசை முக்கியம். முதலில் லேப்டாப்பின் பாப் கணக்கை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒருபக்கம் ஏற்ற ஏற்ற, அது இன்பாக்ஸைக் காலி செய்துகொண்டே இருக்கும். டெஸ்க்டாப்பில் 14 நாள் டிக்கை எடுக்க வேண்டும். அவுட்லுக்கை மூடிவிட்டு எல்லா பி.எஸ்.டி.களையும் கிளவுட் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து, வெளி டிஸ்க்கில் ஒரு நகல் வைக்க வேண்டும். அந்த டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். வகையில் இருக்கட்டும், ஃபாட்-32 என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. மெயில்பாக்ஸ் கொள்ளளவு போதுமா என்று பார்த்த பிறகு, போர்ட் 993இல் ஐமேப், 587இல் மெயில் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. கொடுத்து, ஃபோல்டர் ஃபோல்டராக ஏற்றவும். ‘மூவ்’ வேண்டாம், ‘காப்பி’ செய்யவும். முன்னும் பின்னும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளவும். பல மெயில்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பி.எஸ்.டி.யில் இருக்கும் என்பதால், இரட்டிப்பை மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளம்) வைத்து நீக்கவும். தலைப்பை வைத்து நீக்கினால் வேறு வேறு மாத நோட்டீஸ்கள் போய்விடும். அவுட்லுக்கில் ஐமேப் கணக்கு போட்டால் தொடர்பு முகவரிகளும் காலண்டரும் அந்தந்தக் கணினியிலேயே நின்றுவிடும். அதற்குத் தனி வழி செய்து எழுத்தில் தரவும்.

இரண்டு பேட்ச் ஃபைல்களையும் இன்றே நிறுத்தவும். பதிவு வைத்து ஒப்பிடும் மென்பொருளை நிறுவி, நீக்கப்பட்டவையும் மேலெழுதப்பட்டவையும் 30 நாளாவது தனி ஃபோல்டரில் இருக்கும்படி அமைக்கவும். முதல் ஓட்டத்துக்கு முன் ஒப்பீட்டுப் பட்டியலை எங்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவும். பேக்கப் தனியாக வேண்டும், ஏனென்றால் சிங்க் ஒரு பக்கத் தவறை மறுபக்கத்துக்கும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். சி.ஆர். 2032ஐ மாற்றிவிடுங்கள், அதற்குத் தனி பில் அனுப்ப மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

மூடிய டிக்கெட்டைத் திறந்து, ‘யூசர் மிஸ்டேக்’ என்ற குறிப்பை நீக்கி, நிறுவும் கட்டணத்தைத் திருப்பித் தரவும். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
நிர்வாகி

இணைப்பு: ரோபோகாப்பி லாக் பக்கம், இரண்டு கணினிகளின் பாப் செட்டிங் திரைப்பிடிப்புகள், பில் நகல், ஒப்பந்த நகல்.