மாசித் தட்டை

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமா என்று எழுது. போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அதனால்தான் கடிதம்.

விஜயதசமிக்குச் சுவாமி போடுகிற அம்புக்குக் கொறுக்கை நாணல் தட்டை வெட்டியாகிவிட்டது. சிவராத்திரிக்கு மூன்று நாள் இருக்கும்போது போனேன். முழங்கால் பழையபடிதான், இருந்தாலும் கரையிலிருந்து இறங்கிவிட்டேன். முக்கொம்பில் மதகு உடைந்ததே, அந்த 2018 வெள்ளத்துக்குப் பிறகு நம் படுகையில் கொறுக்கை ஒதுங்கிப்போய்விட்டது. சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. தாத்தா கட்டுக் கட்டாக அறுத்த இடத்தில் இப்போது நாலு புதர் தேடினால் ஒரு கைப்பிடி தேறுகிறது. முப்பது தட்டை கொண்டுவந்தேன். சுவாமிக்கு ஒன்பது அம்புதான். மீதி, வெடிப்பதற்கும் வளைவதற்கும்.

என்றைக்காவது நீ வெட்ட வேண்டி வரும். பச்சையாக வெட்டாதே. பூ விட்டு, தோகை சாம்பல் பூத்து உதிர்ந்த தட்டையாகப் பார்த்து எடு. சுண்டுவிரல் கனம் போதும். கணுவுக்குக் கணு நீளமாக இருக்கணும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. தரையிலிருந்து நாலு விரல் விட்டுச் சாய்த்து வெட்டு, வேரோடு பிடுங்காதே. இலை கையை அறுக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். வளர்பிறையில் வெட்டினால் உளுத்துப்போகும். கொண்டுவந்து வெயிலில் போடாதே. பரணில் படுக்கவைத்துவிட்டு ஆவணி வரைக்கும் அந்தப் பக்கமே போகாதே. அப்புறம் தணலில் காட்டி, சூடு ஆறுவதற்குள் கணுவை விரலால் அழுத்தி அழுத்தி நிமிர்த்து. அவசரப்பட்டால் அந்தக் கணுவிலேயே ஒடியும். பின்னால் பனையோலைச் சிறகு கட்டுவது உனக்கே தெரியும், எட்டு வயதில் என்னைவிடச் சுத்தமாகக் கட்டுவாய். பச்சையாக மட்டும் வெட்டாதே.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, உனக்குப் பின்னால் நீலச் சுவர் தெரிந்தது. உன் வீட்டில் பாப்பா கிறுக்கிவைத்த வெள்ளைச் சுவர்தானே இருந்தது. ஆபீஸிலிருந்து பேசினாய் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறார்கள். அம்மா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாப்பா குரல் தீபாவளிக்குக் கேட்டதுதான். பொங்கலன்றைக்குத் தூங்குகிறாள் என்றாய். அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி.

வேளா வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. முகம் வற்றிப்போயிருக்கிறது.

நீ வாங்கிக்கொடுத்த இன்வெர்ட்டரைப் பற்றித் தெருவே பேசுகிறது. கரண்ட் போனால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் நம் திண்ணையில் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். பையன் பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்பு போடுகிற அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். ஏழு வருஷமாக நீ வரவில்லை. நாணலுக்கும் சரம்தான், அம்புக்கும் சரம்தான் என்று சொல்லித்தான் தாத்தா உனக்கு அந்தப் பெயரை வைத்தார். அங்கே உன்னை 'சரண்' என்று கூப்பிடுகிறார்களாமே.

போன வாரம் திருவாவடுதுறையிலிருந்து, நாயனத்தில் வைத்து ஊதுகிற சீவாளி கட்டுகிறவர் ஒருவர் தட்டை கேட்டு வந்தார். நுனியை விரலிடுக்கில் நசுக்கி, முகர்ந்து பார்த்து, "இது நல்லா அவியும்" என்றார். அவர்கள் நெல்லோடு சேர்த்து அவிப்பார்கள். ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தில் இருந்ததே நம் கொள்ளிடத்துத் தட்டைதான் என்று தாத்தா அடித்துச் சொல்வார், யார் மறுத்தாலும் விடமாட்டார். வந்தவருக்குக் காப்பி கொடுத்து, தட்டை தருவதற்கில்லை என்று அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

சரவணா, நீ ஏழாவது படித்த வருஷத்து விஜயதசமி. சுவாமி குதிரை வாகனத்தில் வந்து நிற்கிறார். குருக்கள் கிழக்கே பார்த்து விட்ட முதல் அம்பு, வன்னிக் கிளை கட்டிய வாழைக்குப் பாதி தூரம்கூடப் போகாமல், நெளிந்து விழுந்தது. அபசகுனம் என்று யாரோ சொன்னார்கள். பரணில் நீ தண்ணீரைக் கொட்டிவிட்டாய் என்று சொல்லி எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தேன்.

நீ கொட்டவில்லை. மாசியில் வெட்டிய தட்டையை ஆடியிலேயே ஒரு சீவாளிக்காரரிடம் விற்றுவிட்டிருந்தேன். அக்காவுக்கு நர்சிங் பீஸ் கட்ட நாலு நாள்தான் இருந்தது, யாரிடமும் கைமாற்றுக் கேட்க மனசு வரவில்லை. ஆவணிக் கடைசியில், வளர்பிறையில், பச்சையாக வெட்டிவந்து அதே இடத்தில் போட்டுவைத்தேன். நிற்காது என்று தெரியும். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அம்பு விழுந்ததும் ஊரே திரும்பி என்னைப் பார்த்தது, பக்கத்தில் நீ நின்றாய். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

"நான் கொட்டலப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அழக்கூட இல்லை. அதற்கப்புறம் நீ என்னிடம் எதையுமே சொன்னதில்லை. பரணிலும் ஏறவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வரவில்லை என்று நான் ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டேன்.

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

மாவடு வந்துவிட்டது. அம்மா பெரிய ஜாடியில் போட்டு வைத்திருக்கிறாள், பாப்பாவுக்குக் காரம் குறைத்துத் தனியாக ஒரு சின்ன ஜாடி. பழைய விலாசத்துக்கு அனுப்பலாமா, வேறு விலாசமா, இரண்டு இடத்துக்கும் அனுப்ப வேண்டுமா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். நான் கேட்கமாட்டேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

தட்டை பரணில் தெற்கு ஓரமாக, உன் பழைய டிரங்குப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. முப்பதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.