அறுபது மடங்கு உனக்கு எதற்கு?

தேவகோட்டை

அன்புள்ள சொக்கலிங்கம்,

இங்கு அனைவரும் நலம். குல முன்னோருக்கு நாம் செய்யும் படைப்புக்கு நீ வராததைப் பற்றிப் பெரியாச்சி சொன்னதை மெய்யப்பன் உனக்கு நேரில் சொல்வான். நான் எழுதப் போவதில்லை.

பிரிஸ்பேனில் 1000 கெஜம் சுடும் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் ரைஃபிளின் மேல் பொருத்திக் குறிபார்க்க, 10 முதல் 60 மடங்கு வரை பெருக்கும் ஸ்கோப்புக்கு (தொலைநோக்கிக்கு) முன்பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுவயல் சந்தையில் இருப்பதிலேயே உயரமான சைக்கிளைத் தேர்ந்தெடுத்தவன் அல்லவா நீ!

ராணுவத்தில் எங்கள் கையிலிருந்த டிராகுனோவ் ரைஃபிளின் ஸ்கோப் வெறும் 4 மடங்குதான் பெருக்கும்; குறிபார்க்க அதனுள்ளே தெரியும் குறிக்கோடுகளோ 1000 மீட்டருக்கு அப்பாலும் குறிவைக்க வகுக்கப்பட்டவை. அமெரிக்க மரைன் படையினரும் 10 மடங்கிலேயே நிலைத்த யூனர்ட்ல் ஸ்கோப்பைப் பல்லாண்டுகள் பயன்படுத்தினர். உன்னுடையது தாள் இலக்கின் வளையங்களை நோக்கிப் படுத்துக்கொண்டு சுடும் போட்டி என்பதால் அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 20 மடங்கு வைத்தாலே 1000 கெஜத்து இலக்கு 50 கெஜத்தில் நிற்பதுபோல் தெரியும். குண்டு விழுந்த இடத்தை இலக்கின் அடியிலுள்ள குழியில் இருந்து குறித்துக் காட்டுபவர்களோ மின்னணு இலக்கோ காட்டிவிடும்போது, துளையைத் தேட 60 எதற்கு?

நீ அஞ்ச வேண்டியது, சூடான காற்று அலையாடும் கானலுக்குத்தான். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் நாரை பார்க்க நான் தாங்கியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் 60 வரை போகக்கூடியதே. விடிந்த சற்று நேரத்தில் 60 வைத்தால் நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெளிவாகத் தெரியும். மார்கழியாகவே இருந்தாலும், வெயில் ஏறியபின் அதே 60-இல் பறவையின் விளிம்பு நெளிந்து குழம்பிவிடுகிறது. 25-க்கு இறக்கியதும் உருவம் சிறுத்தாலும் விளிம்பு கூர்மை பெறுகிறது. (பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத அந்த ஊரில் உன் துப்பாக்கிச் செய்தியை நான் மூச்சுவிடவில்லை.) ஸ்கோப் இலக்கைப் பெருக்கும் அதே அளவுக்கு நடுவிலுள்ள சூடான காற்றின் அசைவையும், தோளில் பதிந்த உன் நாடித்துடிப்பையும் பெருக்குகிறது, பார்வைப் பரப்பை மட்டும் அதே விகிதத்தில் சுருக்கிவிடுகிறது. அப்போது பக்கத்துக் காற்றுக்கொடியும் கண்ணில் படாது, சில நேரம் பக்கத்து ஆளின் இலக்கைச் சுட்டுவிடவும் நேரும்.

அந்தக் கானலையே நீ படிக்கவும் வேண்டும். அது ஒரு பக்கமாக ஓடினால் காற்றின் திசை தெரியும்; நேராக மேலே கொதித்தெழுந்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது நீ சுடும் திசையிலோ அதற்கு நேர் எதிராகவோ வீசுகிறது என்று பொருள். ஓட்டத்தைப் பிரித்தறிய மிதமான பெருக்கமே ஏற்றது.

இன்னொன்றை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதே. முன்லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 56 மில்லிமீட்டர் லென்ஸில் 20 மடங்கு வைத்தால் அது 2.8 மில்லிமீட்டர், 60 வைத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. காட்சி மங்குவதோடு, கண்ணுக்குள் மிதக்கும் பூச்சிகளும் நூல்களும் அந்தச் சிறு வட்டத்தில் துல்லியமாகத் தெரியத் தொடங்கும். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏற்கெனவே பூச்சி பறப்பதாகச் சொன்னாய். அவை திடீரென்று கூடினாலோ ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரை விலகுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஸ்கோப் வாங்குமுன் விழித்திரையைப் பரிசோதித்துவிடு.

கடைக்காரரிடம், பெருக்கத்தைக் கூட்டும்போது குறிக்கோடுகளும் சேர்ந்து வளர்கின்றனவா என்று கேள். வளராத வகை ஸ்கோப்பில் அந்த அளவுக்கோடுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரியான கணக்குக் காட்டும். 60-க்கு வகுத்த கோட்டைக் கானலுக்கு அஞ்சி 30-இல் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் அளவும் இரு மடங்கைக் குறிக்கும். காற்றுக்கு ஒதுக்கிப் பிடிக்கும் கணக்கே தவறிவிடும்.

என் முடிவு, 5 முதல் 25 வரை போகும் ஸ்கோப். மிச்சப்படும் பணத்தை நல்ல லென்ஸுக்கும் தோட்டாவுக்கும் செலவிடு. நம்பிக்கை வராவிட்டால் நடுப்பகலில் குழுவிலுள்ள யாரிடமாவது அனுமதி பெற்று, அவர் ஸ்கோப்பில் 1000 கெஜத்து இலக்கைப் பார்த்தபடி பெருக்கத்தை மெல்ல உயர்த்து. வளையத்தின் ஓரம் எந்த எண்ணில் குழம்பத் தொடங்குகிறதோ அதைக் குறித்து எனக்கு எழுது. அதுவரை முன்பணம் உன் பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
வள்ளியப்பன்