பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருக்கச் சொல்லும் நாட்களுக்குக் கூலி கேட்டு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: பெருந்தொற்றின்போது தனிமைப்படுத்தப்படும் தொழிலாளர்களுக்கு ஊதிய இழப்பீட்டைச் சட்டமாக்கவும், நீடித்த கொரோனா பாதிப்புள்ளவர்களுக்குச் சான்றிதழ் வழங்கவும் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

கொரோனா காலத்தில் ஒரு பரிசோதனை மையத்தில் சளி மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். மூக்கில் குச்சியை விட்டால் வலிக்குமா என்று கேட்டவர்களைவிட, "பாசிட்டிவ்னு வந்தா வேலை செய்யுற இடத்துக்கும் சொல்லிடுவீங்களா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். வரிசையில் பொறுமையாக நின்றுவிட்டு, தன் முறை வரும் நேரத்தில் நைசாக நழுவிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டுவார்கள் என்று தெரிந்து, முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதை ஒரு அம்மா என்னிடமே சொன்னார், முகக்கவசத்தைச் சரிசெய்தபடி, மிகச் சாதாரணமாக.

இவர்களை அலட்சியக்காரர்கள் என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நோய் எப்படிப் பரவும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும், பதினான்கு நாள் வீட்டில் உட்கார்ந்தால் வாடகையும் சாப்பாடும் என்ன ஆகும் என்பதும் தெரியும், இரண்டையும் எடை போட்டுத்தான் முடிவெடுத்தார்கள். உலகில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முறைசாராத் தொழில்களில் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பதே கிடையாது. 2020-இல் உலகம் முழுக்க இழந்த வேலை நேரம் 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. அப்படிப்பட்ட வருடத்தில், கையில் இருக்கும் வேலையைத் தானாக யார் விடுவார்கள்?

அப்புறம், நிவாரணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம் ஐயா. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பும், தெரிந்த முதல் சில நாட்களிலும்தான் இந்த நோய் மிக வேகமாக அடுத்தவருக்குத் தொற்றுகிறது. ஆகவே ஒருவர் வீட்டில் இருப்பாரா, வேலைக்குப் போவாரா என்பது தொண்டை கரகரக்கும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து வரும் உதவித்தொகை கடனை அடைக்க உதவும், ஆனால் அந்த முதல் நாளில் அவர் எடுத்த முடிவை அது மாற்றாது. பரிசோதனைக்கு மாதிரி கொடுத்த அன்றே, முடிவு வரும்வரைக்குமான கூலி உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் பரிசோதனைக்கு வருவார்கள். முதலாளி கையெழுத்து, வருமானச் சான்று என்று அலையவிட்டால் யாரும் வர மாட்டார்கள், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோய் போய்விட்டது, உடம்பு திரும்பவில்லை என்பவர்கள். தொற்று வந்து மூன்று மாதம் ஆன பிறகும் விடாமல், குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்கும், வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவுகளை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே தனி நிலையாக வரையறுத்தது. மூச்சிரைப்பு, மறதி, எழுந்திருக்க முடியாத அசதி. ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கைதான். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பெரும்பாலும் நார்மல் என்றே வருவதால் மேலதிகாரியும் நம்புவதில்லை, சில சமயம் வீட்டில் இருப்பவர்களே நம்புவதில்லை. இவர்களுக்கு மருத்துவர் எழுதித்தரும் ஒரு சான்றிதழ் செல்லுபடியாக வேண்டும், அதை வைத்துக் குறைந்த நேர வேலையோ விடுப்போ கேட்கும் உரிமையும் வேண்டும்.

2023 மே 5 அன்று கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் மட்டும் நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 1.49 கோடி உயிர்கள் போயின என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மறைமுகம் என்பதில், ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்து மாரடைப்பை வீட்டிலேயே பொறுத்துக்கொண்டவர்களும் அடக்கம். 2020-இல் உலகம் முழுக்கக் காசநோய் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாகக் குறைந்தது, ஆனால் சாவு கூடியது. நோயாளிகள் குறையவில்லை, நம் கண்ணில் படவில்லை. எனவே அடுத்த முறை காசநோய்ப் பிரிவையும் குழந்தைகள் தடுப்பூசியையும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

அடுத்த தொற்று வந்த பிறகு இதையெல்லாம் பேசினால் நேரம் இருக்காது. கூலி இழப்பீட்டுக்கு ஒரு நிரந்தர நிதியும், தொற்று அறிவிக்கப்பட்ட அன்றே அது தானாக நடைமுறைக்கு வரும்படி ஒரு சட்டப் பிரிவும் வேண்டும். வரைவு தயாரிக்கும் குழுவில் தினக்கூலித் தொழிலாளர்களையும், மாதிரி எடுக்கும் மேசையில் நின்ற எங்களைப் போன்றவர்களையும் உட்கார வையுங்கள். இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பரிசோதனை மைய ஊழியர்