சிவப்புப் பெட்டி பற்றி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பரமேஸ்வராச் சந்தியடியில் எங்கள் கடையைத் தெரியாதவர் கைக்கு இந்த மடல் வந்திருக்காது. ஆய்வேடு தட்டச்சு, பக்க வடிவமைப்பு, பைண்டிங் என்று வந்துபோகிறவர்கள்தான் நீங்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வேடு எழுத நாங்கள் சந்தாவுக்குத் தரும் எங்கள் எடிட்டர் மென்பொருள் "எழுதுகிறவரைக் கள்ளன் என்கிறது" என்று ஒரு குரல்பதிவு இரண்டு கிழமையாக வைபர் குழுக்களில் சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர்.

நடந்தது இதுதான். வடமராட்சிக் கடற்றொழிலாளர்களைப் பேட்டி எடுத்து ஆய்வேடு எழுதும் தங்கச்சி ஒருவர், ஓர் அத்தியாயத்தை மேற்பார்வையாளருக்குத் திரையில் காட்டியிருக்கிறார். ஒரே பக்கத்தில் ஏழு இடத்தில் "இக்கூற்றுக்குச் சான்று இல்லை" என்று சிவப்புப் பெட்டி எழும்பியிருக்கிறது. சேர் சிரித்துவிட்டாராம். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது.

ஆனால் கள்ளன் என்று சொல்கிற அளவுக்கு அந்தப் பெட்டிக்கு அறிவு கிடையாது. ஒரு பந்தியில் ஆண்டு ஏதும் இருந்தாலோ, "என்கிறார்", "கூறுகிறார்" மாதிரிச் சொல் இருந்தாலோ, அருகில் மேற்கோள், அதாவது எதில் எடுத்தது என்ற குறிப்பு, இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் எழும்பும். அவ்வளவுதான் அதன் மூளை. பேட்டி எடுத்து எழுதுகிறவரின் பந்தி "என்கிறார்" இல்லாமல் எப்படி நகரும்? சொன்னவர் கரையில் இருந்து வலை பொத்துகிற ஐயா. அவர் வாய்ப்பேச்சுக்கு எந்தப் புத்தகத்தை உசாத்துணையாகப் போடுவது? இதை நாங்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எடிட்டரைச் செய்த தம்பி முதலில் சாம்பல் நிறத்தில் "மேற்கோள் சேர்க்கவா?" என்றுதான் வைத்திருந்தார். அது கண்ணில் படாது, சிவப்பில் போடும், கொஞ்சம் இறுக்கமாகக் கேட்கட்டும் என்றது நான். அவரைத் திட்டுகிறவர்கள் தயவுசெய்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். தேர்வாளர் கேட்பதற்கு முன் நாங்கள் கேட்டுவிடுவோம் என்ற நினைப்புத்தான். சமர்ப்பிக்கிற நாளுக்கு முதல் இரவு, "அந்த ஆண்டை எதில் பார்த்தேன்" என்று தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த கடை இது.

சரி, இப்போது என்ன மாற்றம்? எழுதும்போது பெட்டியே எழும்பாது. ஐயமான வரியின் ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று நிற்கும். அத்தியாயத்தை மூடும்போது ஒரு தடவை கேட்கும். மேற்கோள் சேர்க்கலாம், "இது என் கள ஆய்வு" எனலாம், "எல்லோருக்கும் தெரிந்தது" எனலாம், "பிறகு பார்க்கிறேன்" என்று தள்ளியும் விடலாம். பதில் சொன்ன வரியைத் திரும்பக் கேட்காது. தள்ளி வைத்தவை மட்டும் அச்சுக்குப் போகுமுன் ஒரு பட்டியலாக வரும். சேர்க்காதவரிடம் காரணத்தை மட்டும் கேட்டுவிட்டு வழிவிடும் இந்த முறையை விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியில் பார்த்துத்தான் எடுத்தோம். எங்கள் மூளை என்று சொல்லமாட்டேன்.

மேற்கோளைத் தேடும் சாளரமும் மாறியிருக்கிறது. முன்பு ஒன்றைத் தெரிவு செய்தாலும் மூடாமல் அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று நிற்கும். வெறும் என்டர் தட்டினால்தான் போகும். இமாக்ஸ் என்ற இலவச எடிட்டரின் ஒர்க் மோடில் 2021 இல் வந்த மேற்கோள் வசதி அப்படித்தான் கேட்கும். தம்பி அதில் வளர்ந்தவர். வேர்டில் வளர்ந்த எங்களுக்கோ கொம்பியூட்டர் இறுகிப்போன மாதிரி இருந்தது. இனி ஒன்றைத் தெரிவு செய்ததும் மூடிவிடும். இரண்டாவது வேண்டுமென்றால் ஒரு காற்புள்ளி தட்டினால் போதும்.

பெயர்த் தேடல் இன்னொரு கூத்து. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து ஆறுமுக நாவலரை "நாவலர், ஆறுமுக" என்று வைத்திருந்தது. "ஆறுமுக" என்று தொடங்கித் தட்டினவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "ஸ்ரீ" அதைவிட மோசம். கண்ணுக்கு ஒரே வடிவம். யுனிகோடில் "ஸ" வைத் தொட்டும் எழுதலாம், "ஶ" வைத் தொட்டும் எழுதலாம். தேடலுக்கு இரண்டும் வேறு ஆட்கள். ஸ்ரீ இல்லாத பெயர்ப்பட்டியல் யாழ்ப்பாணத்தில் உண்டா? இப்போது பெயரின் எந்தத் துண்டைத் தட்டினாலும் ஆள் வருவார். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய உசாத்துணைப் பட்டியல் இருந்தால் கொண்டுவாருங்கள், காசில்லாமல் மாற்றித் தருகிறோம்.

உசாத்துணைகளைச் சேர்த்து வைக்கும் ஸொட்டேரோ மென்பொருள் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறதே, இவர்களுக்கு எதற்குச் சந்தா என்றும் அந்தக் குரல்பதிவில் ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. கேட்டால் அதையும் உங்கள் மடிக்கணினியில் நாங்களே போட்டுத் தருவோம், தந்தும் இருக்கிறோம். மேலே சொன்ன மாதிரிப் பெயர்ச் சிக்கல்கள் வந்தால் நாங்களே திருத்திக்கொள்ளலாம் என்றுதான் எங்களுடையதைச் செய்தோம்.

தம்பி மார்கழியில் கனடா போய்விட்டார். சந்தோஷமாகத்தான் வழியனுப்பினோம், ஆனால் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. இந்தத் திருத்தங்களை வெளியில் ஒருவரிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்ததால் ஆண்டுச் சந்தா 2,000 ரூபாயிலிருந்து 2,800 ஆகிறது. தொலைபேசி உதவி பின்னேரம் 4 முதல் 7 வரை. பழைய பதிப்பில் சேமித்த அத்தியாயங்களில் மேற்கோள்களை ஒரு தடவை திரும்பத் தெரிவு செய்ய வேண்டி வரும்.

2022 இல் தாள் கிடைக்காமல் நாங்கள் முழித்தபோது, வீட்டிலிருந்த தாள் கட்டைக் கொண்டுவந்து "இதில் அடியுங்கோ அண்ணை" என்றவர்கள் நீங்கள். கரண்ட் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் வந்து நின்றவர்களும் உண்டு. அதெல்லாம் மறக்கவில்லை. இந்த இரண்டு கிழமையும் குழுக்களில் எங்களுக்காகக் கதைத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அந்தத் தங்கச்சிக்கு: புதிய பதிப்பில் உங்கள் அத்தியாயத்தைத்தான் முதலில் போட்டுப் பார்த்தோம். ஏழும் போய்விட்டது. நீங்கள் விட்டுப்போன பென் டிரைவ் என் மேசை லாச்சியில் இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் வந்து எடுக்கலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்