கார்டு ஓட வேண்டுமென்றால் பிள்ளை பெட்டில் படுக்க வேண்டுமா?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் என் மகனுக்காக நின்றேன். அவனுக்கு நான்கு வயது, ஆட்டிசம். பேசுவதையும் பழகுவதையும் கடினமாக்கும் வளர்ச்சிக் குறைபாடு அது. ஸ்பீச் தெரபியும் (பேச்சுப் பயிற்சி) ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நீட்டினேன். "எந்த வார்டு, எத்தனாம் நம்பர் பெட்டும்மா?" என்றார். பெட் இல்லை, தெரபிக்குத்தான் வந்திருக்கிறோம் என்றேன். "அட்மிஷன் போடாம கார்டு ஓடாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. கம்ப்யூட்டரில் இல்லாததை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? அதில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆறு வயதுக்கு உட்பட்ட ஆட்டிசம் குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் சேர்க்காமலேயே, காப்பீட்டு அட்டையில் தெரபி கிடைக்க வழி செய்யுங்கள். அதுவும் பஸ் மாறிப் போக வேண்டாத தூரத்தில் கிடைக்கச் செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இந்தக் குறைபாட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருந்து கொடுத்து மாற்றக்கூடியது இல்லை, பயிற்சிதான் வைத்தியம் என்று உங்கள் டாக்டர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள். 16 மாதத்திலிருந்து 30 மாதத்துக்குள், 20 கேள்விகள் கேட்டு அறிகுறியைக் கண்டுகொள்ளும் முறை இருப்பதையும் அவர்களே சொன்னார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது, எந்தக் காசில் தொடங்குவது என்று கேட்டால்தான் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள்.

என் கணவர் தறி நெய்கிறவர். குறிஞ்சிப்பாடி லுங்கி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தறிச் சத்தம் என் மகனுக்குப் பிடிக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாடா போய் வருவதையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் பஸ் ஹார்ன் அவனுக்கு ஆகாது. எங்களுக்குத் தெரபி கிடைத்த இடமோ பாண்டியில் ஒரு தனியார் மையம். குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர், கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ். அந்த ரோட்டில் ஓடும் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏர் ஹார்ன் அடிக்கும்போது என் மகன் காதைப் பொத்திக்கொண்டு முன்சீட்டுக் கம்பியில் தலையை முட்ட ஆரம்பிப்பான். கம்பிக்கும் அவன் நெற்றிக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் பாண்டி வரை போவேன். "புள்ளையை இப்படியா வளக்குறது" என்று யாராவது சொல்வார்கள். இன்னொருவர் மந்திரிக்கச் சொல்லுவார். ஒருமுறை, மற்ற பயணிகளுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று கண்டக்டர் எங்களை நடுவழியில், கிருமாம்பாக்கத்தில் இறக்கிவிட்டார். வெயிலில் நின்று அடுத்த பஸ் பிடித்துப் போவதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. அன்றைய கட்டணம் திரும்ப வரவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலும் என்ன நடக்கிறது? ஒரு தெரபி முக்கால் மணி நேரம், 600 ரூபாய். அதில் பெரும்பாதி அவனைத் தேற்றுவதிலேயே போய்விடுகிறது. பேச்சுக்கான பயிற்சி தொடங்கும்போது அடுத்த குழந்தையின் அம்மா வாசலில் நிற்பார். தெரபிக் கட்டணமும் பஸ் காசும் சேர்ந்தால் என் கணவரின் இரண்டு நாள் கூலி. அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்து பஸ்ஸில் பட்ட அவஸ்தைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, மறுபடி அதே பஸ்ஸில் ஏறி வருகிறோம். தெரபி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது வசதிக்காக இல்லை. தூரம் இருந்தால் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரபியே நடப்பதில்லை.

ஏர் ஹார்ன் கூடாது என்று சட்டம் இருக்கிறது. திடீரென்று ஒரு நாள் அதிகாரிகள் பஸ்களை நிறுத்தி, ஹார்னைக் கழற்றி, அபராதம் போட்டு, படம் பிடித்துப் போடுகிறார்கள். அடுத்த வாரமே அதே சத்தம். பச்சைக் குழந்தை, இதய நோயாளி, வயதானவர் யாரும் அந்த பஸ்களில் போவதில்லையா? இந்த மாவட்டத்து மக்களின் காதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா? இது உங்கள் துறை இல்லை என்று தெரியும். மனது பொறுக்காமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

உங்கள் துறையில் ஏற்கெனவே நடப்பதைச் சொல்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் காலையில் வந்து மதியம் வீட்டுக்குப் போகிறார். அவருக்கு இந்த அட்டை ஓடுகிறது, ஓடத்தான் வேண்டும். காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் செவிக் கருவியை அறுவை சிகிச்சையில் வைத்து, அதன்பின் கேட்கவும் பேசவும் கொடுக்கும் பயிற்சிக்கும் இதே திட்டம் பணம் தருகிறது. அறுவை சிகிச்சை மட்டும் போதாது, பயிற்சி இல்லாவிட்டால் குழந்தை பேசாது என்று புரிந்துகொண்டு யாரோ ஒரு நல்ல அதிகாரி அதைச் சேர்த்திருக்கிறார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பக்கவாதம் வந்தவரின் வீட்டுக்கே பிசியோதெரபி போகிறது. இவ்வளவும் செய்யத் தெரிந்த துறைக்கு என் மகனின் ஸ்பீச் தெரபியை மட்டும் சேர்க்கத் தெரியாதா?

மத்திய அரசின் நிராமயா காப்பீடு இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். 1 லட்சம் ரூபாய் வரை என்கிறார்கள், ஆனால் தெரபிக்கு அதில் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு. அதையும் முதலில் நாங்கள் கட்டிவிட்டு, பில் அனுப்பிப் பிறகு வாங்க வேண்டும். முதலில் கட்டக் காசு இருந்தால் நான் கவுண்டரில் ஏன் நிற்கப்போகிறேன்? அதற்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். மையத்தில் காத்திருக்கும்போது பேசிக்கொள்ளும் அம்மாக்களில் பலர், "குழந்தை இன்னும் சின்னது, கொஞ்சம் வளரட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். சீக்கிரம் தொடங்கு என்று ஓர் அறையில் சொல்கிறார்கள், பிறகு வா என்று அடுத்த அறையில் சொல்கிறார்கள். பிள்ளையின் வயது எங்களுக்காகக் காத்திருக்குமா?

அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவும், வளர்ச்சிக் குறைபாட்டுக்கென்று மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் 2013-இலிருந்து இருக்கும் ஏற்பாடுகள். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் கடலூர் மாவட்டம் கடற்கரையிலிருந்து திட்டக்குடி வரை நீண்டு கிடக்கிறது. திட்டக்குடியில் இருக்கும் ஒரு தாய், காது பொத்தி அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் மாவட்டத் தலைநகருக்கு வர முடியுமா என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். எனக்காவது பாண்டி எட்டும் தூரம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் 25-ஆவது பிரிவு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, இலவச மருத்துவம் அருகிலேயே, குறிப்பாகக் கிராமப் பகுதிகளில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. காப்பீட்டு அட்டைக்காக நாங்கள் கொடுத்த வருமானச் சான்று உங்களிடமே இருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதை கவுண்டரில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் ஏற்றச் சொல்கிறேன்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட ஆட்டிசம் குழந்தைகளின் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றை, அட்மிஷன் கேட்காமல் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்து அரசாணை வெளியிடுங்கள். சான்றிதழ் வரும்வரை குழந்தை மருத்துவரின் சீட்டே போதும் என்று அதில் எழுதுங்கள். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம், திட்டக்குடி அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் சில நாட்களாவது தெரபிஸ்ட் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் அட்டையிலிருந்து தொடங்குங்கள். முடியாது என்பதுதான் பதில் என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், எங்கே மேல்முறையீடு செய்வது என்றாவது தெரிந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்