முண்டாரிங் முதல் கால்கூர்லி வரை: குழாய்ப்பாதையை அறியத் துணைநின்றோருக்கு நன்றி

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவின் முண்டாரிங் அணையிலிருந்து தங்கவயல் நகரான கால்கூர்லிக்கு ஏறத்தாழ 530 கிலோமீட்டர் தூரம் தண்ணீர் கொண்டுசெல்லும் குழாய்ப்பாதையின் வரலாற்றை, அதன் ஓரமாகவே சென்று அறிந்துகொள்ள எங்கள் குழுவுக்கு உதவிய அனைவருக்கும் உளமார்ந்த நன்றி.

அணையடியில் உள்ள முதலாம் நீரேற்று நிலையத்தைச் சுற்றிக்காட்டிய தன்னார்வலர்கள், நீராவியால் இயங்கிய எட்டு நிலையங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று நீரை வாங்கி மேட்டுநிலத்துக்கு ஏற்றிய விதத்தைப் பொறுமையாக விளக்கினார்கள். நூலகப் பணியாளர்கள் தேடித் தந்த பழைய செய்தித்தாள்களில், திட்டத்தின் தலைமைப் பொறியாளர் சி. வை. ஓ'கானர் மீது பொழியப்பட்ட வசைகளையும் படித்தோம். 1902 மார்ச்சில் உயிர்நீத்த அவர், 1903 ஜனவரியில் நடந்த திறப்பு விழாவைக் காணவில்லை.

எல்லோரிலும், பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கே நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். பழைய குழாய் ஒன்றின் நீளவாட்டில் ஓடும் இரு பட்டைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, குழாய் உற்பத்தியாளர் மெஃபன் ஃபெர்குசனின் பூட்டுப்பட்டை முறையை அவர் விளக்கினார். அரைவட்டமாக வளைத்த இரு எஃகுத் தகடுகளின் விளிம்புகளைப் பட்டையின் பள்ளங்களில் செருகி அழுத்திவிடுவதால், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகள் தேவைப்படுவதில்லை. ஆணித்தலைகள் இல்லாத உட்புறத்தில் நீர் தடையின்றி ஓடுகிறது, கசிவும் குறைகிறது. தொடக்கத்தில் ஈயம் அடைத்து இணைக்கப்பட்டுப் பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்த குழாய்கள், உப்பு மண்ணில் அரிக்கப்பட்டதால் 1930களில் தரைக்கு மேலே தூக்கிவைக்கப்பட்டன என்பதையும் அவரே சொன்னார். நினைவுச் சின்னங்களைவிடத் துருவேறிய அந்தக் குழாய்தான் எங்களுக்கு அதிகம் கற்பித்தது.

தம் நிலத்தின் வழியே நடக்க விட்டதோடு நாய்களையும் கட்டிவைத்த விவசாயக் குடும்பத்துக்குத் தனி நன்றி. நாய்கள் அதை விரும்பவில்லை என்பது தூரத்திலிருந்தே கேட்டது.

குழாய் வருமுன் இப்பகுதியில் தண்ணீரே இல்லை என்று எண்ணியிருந்த எங்களுக்கு, கருங்கல் பாறைகளின் அடியில் மழைநீர் தங்கும் இடங்களைப் பழங்குடிச் சமூகத்து மூத்தவர் ஒருவர் காட்டினார். 1860களில் நிலஆய்வுப் பயணி சார்ல்ஸ் ஹன்ட் கிழக்கு நோக்கிய பாதையில் கிணறுகள் அமைத்தபோது இம்மக்களின் அறிவே துணைநின்றது. அந்த மூத்தவரைச் சந்திக்காவிட்டால் எங்கள் வரலாறு 1903இலேயே தொடங்கியிருக்கும்.

எடுத்த படங்களையும் குறிப்புகளையும் நீரேற்று நிலையத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். குழாய் இணைப்புகள் பற்றிய பக்கங்களைப் பெரியவர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தருமாறு வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
பயணக் குழுவினர்